எலும்பு பொறுக்கும் சூடு

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துகிறார்கள். திருகு எலும்பில் நிற்கப் பசையும் கிடையாது, சிமென்ட்டும் கிடையாது. எலும்பே வளர்ந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றுமா, பற்றாதா என்பதில் துளை போடும் கருவிக்குப் பெரும் பங்கு உண்டு.

1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காக முயலின் காலில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தபோது அது வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. 1965-ல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானியம் திருகுகளைப் பதித்தார்.

உயிருள்ள எலும்புக்குச் சூடு ஆகாது. 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும் என்று 1983-ல் சுவீடன் ஆய்வாளர்கள் முயல்களிடம் கண்டறிந்தனர். நம் உடல் வெப்பமே 37 டிகிரி. மீதி இருப்பது பத்தே டிகிரிதான்!

துளையிடும்போது சூடு எழும். அதனால்தான் சொத்தைப் பல்லைக் குடைய நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுழலும் கருவியை இங்கே எடுப்பதில்லை. இதற்கென உள்ள மோட்டார் பெரும்பாலும் ஆயிரம் சுற்றை ஒட்டியே ஓடும். முதலில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை. பிறகு ஒவ்வொரு அளவாகப் பெரிய துளைமுனைகள். குளிர்ந்த உப்புநீர் முனைமீது வழிந்துகொண்டே இருக்கும். மருத்துவர் முனையை அழுத்திப் பிடிக்காமல் மேலும் கீழும் இழுப்பார். அப்போதுதான் எலும்புத்தூள் வெளியேறி, நீர் அடிவரை இறங்கும். மழுங்கிய முனை கூடுதலாகச் சூடேற்றும் என்பதால் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

துளை திருகைவிடச் சற்றே குறுகலாக இருக்கும். திருகை மிக மெதுவாக முடுக்கி, அளவுக்கோடு பொறித்த முறுக்குச்சாவியால் இறுக்கம் பார்க்கிறார்கள். மிகத் தளர்ந்தால் திருகு ஆடும். மிக இறுகினால் எலும்பு நசுங்கும். நட்ட பந்தல்கால் ஆடிக்கொண்டே இருந்தால் மண் இறுகாது அல்லவா? அதேபோல, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குமேல் திருகு அசைந்துகொண்டிருந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவே அதைச் சூழ்ந்துவிடக்கூடும்.

எலும்பு பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் அதைக் கெடுக்கும். இப்படிப் பல் வைக்கப் போகிறவர்கள் விலையை விசாரிப்பதோடு நிற்காமல், தங்கள் சர்க்கரை அளவையும் புகைப்பழக்கத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.