ஜுன்னரில் எழுந்த அரசு

ஷாஹாஜி யாரிடம் ஊழியம் புரிந்தார் என்று நம் மகன் ஒரு மாலை வினவினான். பள்ளியில் சிவாஜி மகாராஜாவின் சரித்திரம் நடக்கிறது. அவருடைய தந்தையாரைப் பற்றிய கேள்வி. நாம் விழித்தோம். சில ஞாயிற்றுக்கிழமைகளை நூலகத்தில் கழித்தபின் அறிந்ததை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான், 1481-ல் ஒரு பொய்க் கடிதத்தை நம்பி, தம் மந்திரி மகமூது கவானைக் கொல்வித்தார். அச்சூழ்ச்சியில் பங்குகொண்டவர் எனப்படும் மாலிக் ஹசன், பிராமணக் குடியிற் பிறந்து சிறைப்பட்டு இஸ்லாத்தைத் தழுவியவர் என்பர். சில ஆண்டுகளில் அவரும் கொலையுண்டார். ஜுன்னரில் அதிகாரியாயிருந்த அவர் மகன் மாலிக் அஹமது 1490-ல் சுயேச்சை அரசு கண்டு, 1494-ல் அஹமத்நகரை நிறுவினார். இதுவே நிஜாம்ஷாஹி வம்சம். ஜுன்னர் நம் புனே ஜில்லாவிலேயே உள்ளது. சிவாஜி பிறந்த சிவனேரிக் கோட்டை நிற்பதும் அங்கேதான். ஏன், இந்தப் புனேயே ஷாஹாஜியின் தந்தை மாலோஜிக்கு நிஜாம்ஷா அளித்த ஜாகீர்!

1595-ல் மொகலாயர் முற்றுகையிட்டபோது, இடிந்த மதிலை இரவோடிரவாக எழுப்பிக் காத்தவர் சாந்த் பீபி. அவ்வீரமாதையும் 1600-ல் சொந்த வீரரே ஐயுற்றுக் கொன்றனர், கோட்டையும் வீழ்ந்தது.

ஆயினும் வம்சம் உடனே அழியவில்லை. அபிசீனியாவிற் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், பெயரளவுச் சுல்தான்களை அரியணையில் அமர்த்தி, 1626-ல் இறக்கும்வரை மொகலாயரைத் திணறவைத்தார். மராட்டியக் குதிரைவீரரைக் கொண்டு திடீரெனத் தாக்கி மறையும் போர்முறையை அவர் கையாண்டார். நிலங்களை மதிப்பிட்டு வரி விதித்தார். இவ்வரலாற்றில் நம் மனத்தை மிகக் கவர்ந்தவர் இவரே. அவர் மகன் ஃபத்தே கானோ தம் சுல்தானையே கொன்று, 1633-ல் தௌலதாபாத் கோட்டையை மொகலாயரிடம் ஒப்படைத்தார்.

அப்போதும் ஒரு சிறுவனைச் சுல்தானாக்கி, மூன்றாண்டு போராடினார் ஷாஹாஜி. 1636-ல் தோற்றுப் பீஜப்பூர் ஊழியத்தில் அமர்ந்தார். அங்கிருந்து பெங்களூர் சென்றார். 1670-களில் அவர் மகன் ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார்.

போன்சலே குலத்தின் வரலாற்றைச் சரபோஜி மன்னர் 1803-ல் பெரிய கோயில் மதிலில் மராத்தியில் பொறித்து வைத்தார். பலமுறை அதைக் கடந்து சென்றும் நாம் படித்ததில்லை. விடுமுறையில் ஊர் செல்லும்போது மகன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பொருள் சொல்வதாக ஏற்றிருக்கிறான்.