புல்லு மெசினை எந்த இடத்தில் தொங்க விடுவது?



2015ஆம் ஆண்டு கிளைபோசேட் மருந்து நாட்டில் தடை செய்யப்பட்டதும் மலைகளில் புல்லு மண்டிப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். பிறகு 2021இல் இரசாயன உரம், கிருமிநாசினி எல்லாவற்றின் இறக்குமதிக்கும் தடை வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அதையும் எடுத்துவிட்டார்கள். இந்த இழுபறிக்குள்ளேதான், தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுகிற புல்லு மெசின் மலைகளில் சத்தம் போடத் தொடங்கியது. இன்றைக்கு மலைக்கு மட்டுமல்ல, கோயில் வாசல், விளையாட்டு மைதானம், பிள்ளைக்காம்பரா முற்றம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் தூக்குகிறோம்.

மெசின் பிடிக்கிற தம்பிமார் நம்மிடம் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான். "இடுப்பு விட்டுப் போகுது சார், வலது கை மரத்துப் போகுது." மெசின் பழசு, பாரம் என்று அதன் மேல் பழியைப் போடுவார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால், அநேகமாகக் கொக்கி தப்பான இடத்தில் இருக்கும். வார் முழங்கால் மட்டத்துக்குத் தொங்கும். மெசினின் பாரத்தைத் தோள் தாங்க வேண்டும். தோள் தாங்காவிட்டால் கை தாங்கும், கை சோர்ந்தால் இடுப்பு வாங்கும். ஏழு எட்டுக் கிலோவை நாள் முழுக்கக் கையால் தூக்கிப் பிடித்தால் யார் உடம்புதான் தாங்கும்?

இதன் சூட்சுமம் காவடித் தடி மாதிரி. இரண்டு பக்கமும் தண்ணி வாளியைக் கட்டித் தோளில் வைக்கிறபோது, தடியை முன்னே பின்னே தள்ளித்தானே சமப்படுத்துவோம்? மெசினுக்குப் பின்னால் இஞ்சின், முன்னால் நீளக் குழாய், அதன் நுனியில் தகடு அல்லது நைலோன் கயிறு. நடுவிலே கொக்கி மாட்டுகிற வளையம் இருக்கிறது. அந்த வளையம் குழாயில் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பாரம் சமப்படும்.

முதலில் இஞ்சினை நிறுத்துங்கள். பெற்றோல் தாங்கி பாதியளவு இருந்தால் நல்லது; நிறையவும் காலியாகவும் இருக்கிறபோது பாரம் மாறும். வாரைப் போட்டுக்கொண்டு, கொக்கி வலது இடுப்பு எலும்புக்கு ஒரு கை அகலம் கீழே வருகிற மாதிரி வாரை இறுக்குங்கள். மெசினை மாட்டி நேராக நின்று, இரண்டு கையையும் விட்டுவிடுங்கள். நைலோன் கயிறு போட்டிருந்தால் அதன் தலை நிலத்தைப் பூப்போல் தொட வேண்டும். பற்றையை வெட்டுகிற இரும்புத் தகடு என்றால் நிலத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும்.

தலை கீழே குத்துகிறதா? வளையத்தின் ஆணியை 'எல்' சாவியால் தளர்த்தி, வளையத்தைத் தகட்டுப் பக்கம் ஒரு அங்குலம் தள்ளிப் பாருங்கள். தலை வானத்தைப் பார்க்கிறதா? இஞ்சின் பக்கம் தள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஆணியை இறுக்கிவிட்டுத்தான் கையை விட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஒரே மெசினை நெட்டையானவரும் குட்டையானவரும் மாறி மாறிப் பிடிக்கிறார்கள். அவரவர் அளவுக்கு வாரில் வெவ்வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டு வைத்தால், காலையில் பிரட்டுக்களத்தில் நின்று அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

மாற்றம் செய்வதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். வார் தோளை அறுக்கிறது என்று பழைய மெத்தைப் பஞ்சை வைத்துத் தைத்திருந்ததைப் பார்த்தோம். அது நல்ல வேலை. ஆனால் வார் அறுந்ததும் உரச்சாக்குக் கயிற்றையோ சீலைத் துண்டையோ முடிச்சுப் போட்டுக் கட்டுவதை ஒத்துக்கொள்ள முடியாது. சரியான வாரில், ஒரே இழுப்பில் மெசின் கழன்று விழுகிற ஒரு பூட்டு இருக்கும். சரிவில் கால் வழுக்கினாலோ பெற்றோல் கசிந்து தீப்பிடித்தாலோ உயிரைக் காப்பது அந்தப் பூட்டுத்தான். முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. கொக்கி மாட்டக் குழாயில் ஓட்டை போடுவதும் வேண்டாம். குழாய் மெல்லிசு, அதற்குள்ளே சுழலும் தண்டு ஓடுகிறது. இன்னொன்று, அகலமாக வெட்டலாம் என்று தகட்டுக்குப் பின்னால் உள்ள மறைப்பைக் கழற்றி எறிகிறார்கள். பிறகு கல்லு நேராக முகத்துக்கு வருகிறது. கயிறும் அளவுக்கு மீறி நீண்டு இஞ்சினைத் திணறடிக்கும்.

சரியாகத் தொங்குகிற மெசின் புல்லையும் ஒரே மட்டமாக வெட்டும். கையால் குத்தாமல், இடுப்போடு சேர்ந்து வலமிருந்து இடமாக வீசினால் போதும். வெட்டிய புல்லு இடது பக்கம் ஒதுங்கும். சாதாரண மெசினில் தகடு, மேலிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுகிறது. அதனால் தகட்டின் முன் வலது ஓரம் கல்லிலோ கட்டையிலோ பட்டால், மெசின் சட்டென்று வலது பக்கம் எகிறும். இடது ஓரத்தால்தான் வெட்ட வேண்டும்.

மலையில் கதை வேறு. சரிவுக்குக் குறுக்கே நடக்கிறபோது, வலது பக்கம் மேடாக இருந்தால் தலை மண்ணில் குத்தும், பள்ளமாக இருந்தால் அந்தரத்தில் நிற்கும். திரும்புகிற ஒவ்வொரு தடவையும் வாரை ஒரு பிடி ஏற்றி இறக்க வேண்டும். அது கரைச்சல் என்றால் ஒரே திசையில் வெட்டி, இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி நடக்கலாம். நேரம் போகும் என்று கங்காணியார் முகம் சுளிக்கலாம். ஆனாலும் அடிக்கடி மண்ணில் குத்துகிற மெசினுக்குக் கயிறு மாற்றப் போகிற நேரத்தையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். சரிவில் மண் தெரிய வெட்டாதீர்கள். இரண்டு மூன்று அங்குலம் விட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மழைக்குக் கான் நிறைய மண் வராது. இளந்தேயிலை அடியில் மெசினைக் கொண்டு போகவே வேண்டாம். நைலோன் கயிறு பட்டையை உரித்துவிடும். அங்கே கைதான் சரி.

பிள்ளைகள் விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். மெசின் ஓடுகிற இடத்திலிருந்து ஐம்பது அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைக்காம்பரா முற்றத்தை, பிள்ளைகள் வருவதற்கு முன்னாலோ போன பிறகோ மட்டும் வெட்டுங்கள். அதற்கு முன் ஒரு நடை நடந்து போத்தல் துண்டு, கம்பி, கல்லு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். வெட்டுகிறவருக்குக் கண்ணாடி, காது மூடி, சப்பாத்து மூன்றும் வேண்டும். செருப்போடு மெசின் பிடிக்கிறவரை நீங்களே வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள், தாய்மாரே.

கண்ணில் தூசி, கல்லு எது பட்டாலும் கசக்காமல், அன்றைக்கே டிஸ்பென்சரியில் காட்டிப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் காயம் வேலை நேரத்தில் பட்டது என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. "சின்னக் காயம்தானே, அரைப் பேர் போயிரும்" என்று மறைத்து வைத்து, இரண்டு கிழமை கழித்துக் கண் சிவந்து வந்தால், நாம் கூட வந்து பேசினாலும் பேச்சு எடுபடுவது கஷ்டம்.

'எல்' சாவியை மெசின் பெட்டியில் போட்டால் காணாமல் போய்விடும். ஒரு கயிற்றில் கட்டி வாரிலேயே தொங்க விடுங்கள்.