முதல் மனைக்குத் தனியார் பணம்: கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

குடியிருக்க வீடு வாங்குபவருக்கு வங்கி தாராளமாகக் கடன் தரும். ஒரு மனையை வாங்கி, கொஞ்ச காலம் வைத்திருந்து, விலை ஏறியதும் விற்கலாம் என்று நினைப்பவரிடம் அது முகம் கொடுத்துப் பேசாது. மனைக் கடன் கிடைத்தாலும், பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில், குறித்த காலத்துக்குள் வீடு கட்டுவதாக ஒப்புக்கொள்பவருக்குத்தான். வீட்டுக் கடனிலேயே முழுத் தொகை வருவதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் உச்சவரம்பு.

அதனால்தான் ரியல் எஸ்டேட்டில் முதல் அடி எடுத்துவைக்கும் பலரும் வங்கிக்கு வெளியே பணம் தேடுகிறார்கள். ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பெரியப்பா, கடைவீதியில் நகைக் கடை வைத்திருப்பவர், ஊர் பைனான்ஸ்காரர், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமா. இவர்களிடம் போகும்போது எல்லோரும் முதலில் பேசுவது வட்டியைத்தான். வட்டி முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு: பணத்தை எப்போது திருப்பித் தர வேண்டும்? அதற்கு ஈடாக எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம்? தனியார் பணத்தில் கைசுட்டுக்கொண்டவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்காமல் விட்டவர்கள்.

காலத்தின் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனை. சதுர அடி 1,500 ரூபாய் வீதம் 18 லட்சம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 1,62,000 ரூபாய். கையில் இருப்பதுபோக 10 லட்சத்தை "ரெண்டு வட்டி"க்கு வாங்குகிறோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 24 சதவீதம். மாதம் 20,000 ரூபாய். மனை விற்க 14 மாதம் ஆனால் வட்டி மட்டும் 2,80,000. வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு, வழக்கறிஞர் செலவு என்று ஒரு 60,000 வைத்துக்கொண்டால் மொத்தம் 23 லட்சத்தைத் தாண்டுகிறது. சதுர அடி 1,900 ரூபாய்க்கு மேல் விற்றால்தான் போட்ட முதலே திரும்பும். 24 மாதத்துக்குள் விற்றால், அதற்கு மேல் வரும் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வழக்கமான விகிதத்தில் வருமான வரிக்கு உள்ளாகும்.

நிலம் நினைத்த நாளில் விற்காது. கடன் கொடுத்தவரோ சொன்ன நாளில் வந்து நிற்பார். ஆறு மாதக் கெடுவுக்கு வாங்கிய பணத்தில் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டிய மனையை வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

ஆகவே காலம் கொடுக்கும் பணத்தை முதலில் தேடுவது நல்லது. அப்படிக் காலம் கொடுக்கக்கூடியவர்களில் ஒருவர், நிலத்தை விற்பவரே. முன்பணம் கொடுத்து, மீதியைச் செலுத்த ஆறு மாதமோ பதினொரு மாதமோ கெடு வைத்து அக்ரிமென்ட் போட்டுக்கொண்டால், அந்த இடைவெளிக்கு வட்டி இல்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொண்டால் போதாது. கெடு தவறினால் முன்பணம் என்னவாகும் என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

பதிவு பெற்ற சீட்டு இன்னொரு வழி. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் நடக்கும் சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் ஆரம்பத்திலேயே ஏலம் எடுத்தால் தள்ளு அதிகம் போகும். 10 லட்சம் சீட்டில் கைக்கு ஏழரை லட்சம்கூட வரலாம், தவணை மட்டும் கடைசி மாதம் வரை ஓடும். மாதச் சம்பளம் உள்ளவருக்கு இது பொருந்தும். மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

கையெழுத்து

வட்டிக்குப் பணம் வாங்குபவரின் முன்னால் முதலில் வருவது புரோநோட்டு. உள்ளங்கை அகலக் காகிதம். அதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு, ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்து. பல இடங்களில் தொகையும் தேதியும் எழுதாமலே கையெழுத்து வாங்குவார்கள். "நம்ம பழக்கத்துக்கு என்ன தம்பி, சும்மா ஒரு கையெழுத்துதானே" என்பார்கள். அது சும்மா கையெழுத்து இல்லை. ஸ்டாம்பு ஒட்டி, பூர்த்தி செய்யாமல் கையெழுத்திட்டுக் கொடுக்கும் நோட்டை நிரப்பிக்கொள்ள, வைத்திருப்பவருக்கு மாற்று முறி ஆவணச் சட்டம் அதிகாரம் தருகிறது. கூடவே கொடுக்கும் வெற்றுக் காசோலை திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ விதிக்க இடமுண்டு. கடன் எதுவும் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான். தொகை, வட்டி, தேதி மூன்றையும் எழுதிய பிறகே பேனாவைத் தொட வேண்டும். அவ்வப்போது திருப்பித் தரும் பணத்தை நோட்டின் பின்பக்கம் வரவு வைக்கச் சொல்ல வேண்டும்.

தொகை பெரிதானால் சொத்தையே ஈடாகக் கேட்பார்கள். நியாயமான முறை, அடமானப் பத்திரம். அல்லது மூல ஆவணங்களை ஒப்படைத்து அதற்கான ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. 'எம்.ஓ.டி. போடுவது' என்று சொல்கிறார்களே, அது இதுதான். இந்த இரண்டிலும் கடனை அடைத்துச் சொத்தை மீட்கும் உரிமையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆவது பிரிவு காக்கிறது. பணம் வராவிட்டாலும் கொடுத்தவர் நீதிமன்றம் வழியாகத்தான் பெரும்பாலும் வர வேண்டியிருக்கும்.

அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் சிலர் "கிரயமாவே எழுதிக் குடுத்துடுங்க, பணத்தைக் கட்டினதும் திருப்பி எழுதித் தர்றேன்" என்கிறார்கள். அல்லது பொது அதிகாரப் பத்திரம் கேட்கிறார்கள். இதற்கு மட்டும் தலையாட்டவே கூடாது. பணத்தைத் திருப்பினால் சொத்து திரும்பும் என்ற நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்தால்தான் சட்டம் அதை அடமானமாகப் பார்க்கும். தனிக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பத்து லட்சம் கடனுக்கு இருபது லட்சம் பெறும் மனையைக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு நீதிமன்றப் படி ஏறுபவரின் நிலைமை மிகவும் பரிதாபமானது.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கடன் தொல்லையால் ஒரு குடும்பமே தீக்கிரையானதை நாம் பார்த்தோம். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று பெயர் எதுவானாலும் அந்தப் பணம் நிலத்துக்கு ஆகாது. எந்த மனையும் அந்த வேகத்தில் விலை ஏறுவதில்லை.

கூட்டாளிப் பணம்

கடனுக்குப் பதிலாகக் கூட்டு சேர்வது பலருக்கு நல்ல வழி. வட்டி ஓடாது, நட்டம் வந்தால் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் மூன்று பேர் பணம் போட்டு ஒருவர் பெயரில் பத்திரம் முடிக்கும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டத்தில் அது சிக்கும். சொத்து பறிமுதலாவதோடு ஓராண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. பணம் போட்ட எல்லோர் பெயரும், அவரவர் பங்கும் கிரயப் பத்திரத்தில் இருக்கட்டும். யாராவது பாதியில் விலக நினைத்தால் என்ன விலைக்கு, எத்தனை நாளுக்குள் மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்பதைத் தனி ஒப்பந்தமாக முதலிலேயே எழுதிவிடுங்கள். உறவு முறியாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு மாமாவின் பணத்துக்கு ஒரு எச்சரிக்கை. அவர் தன் பெயரில் வீடோ மனையோ வாங்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. நிலம் வாங்கி விற்கும் தொழிலுக்கு அவரிடமிருந்து கடன் வாங்குவதை அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. ஆடிட்டரிடம் கேட்காமல் கணக்கில் பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதல் மனையில் லாபம் வந்ததும் ஆசை பெரிதாகும். "நம்மிடம் பணம் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் அறிவிக்கத் தோன்றும். அங்கே கோடு தாண்டுகிறது. உறவினரிடம் வாங்கும் கடனுக்கு விலக்கு அளிக்கும் 2019ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், அதையே தொழிலாக ஊராரிடம் திரட்டினால் குற்றமாக்குகிறது. நிலத்தின் பெயரால் பணம் திரட்டிய பிஏசிஎல் நிறுவனத்துக்கு, 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரும்படி பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014இல் உத்தரவிட்டது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. அந்தத் திட்டத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய எளியவர்கள் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.

கேட்கப் போகும்போது

பணம் வைத்திருப்பவர் வாய்ப்பேச்சை நம்பிக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. கையில் ஒரு கோப்பு இருக்கட்டும்: 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்களின் நகல், பட்டா, டிடிசிபி அல்லது சிஎம்டிஏ ஒப்புதல் எண், வழக்கறிஞரின் கருத்துரை, அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான விலைகள். அதோடு நம் சொந்தப் பணம் எவ்வளவு போடுகிறோம், மனை விற்காமல் போனால் வட்டியை எதிலிருந்து கட்டுவோம் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இந்தக் கடைசிப் பக்கத்துக்குப் பதில் இல்லையென்றால், பணம் கிடைத்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது.

பணம் கைமாறுவது வங்கி வழியாகவே நடக்கட்டும். கடனாகவோ சொத்துக்கான முன்பணமாகவோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கடன் தீர்ந்த அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிவிடுகிறேன், பலரும் மறப்பது இதைத்தான். புரோநோட்டையும் காசோலையையும் கையோடு திருப்பி வாங்குங்கள். மூல ஆவணங்களை எண்ணிச் சரிபார்த்து வாங்குங்கள். பிறகு கடன் கொடுத்தவரையே அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போய், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யுங்கள். அது பதிவாகாத வரை வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும், உங்கள் மனையை வாங்க வருபவரின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் காட்டுவார்.