ஸ்டிக்கரில் 4 ஹெச்.பி., தகட்டில் எவ்வளவு?

மதுரையில் அக்கா வீட்டு ஹாலில் டிரெட்மில் வந்து இறங்கிய அன்று நானும் இருந்தேன். முன்பக்கத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: ‘4 ஹெச்.பி. மோட்டார், 110 கிலோ வரை தாங்கும்’. மூன்றாவது வாரம் காலையில் நடந்துகொண்டிருந்தபோது பெல்ட் காலுக்கடியில் சட்டென்று நின்று, மறுபடி வெடுக்கென்று இழுத்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டதால் அக்கா விழவில்லை. பழுது பார்க்க வந்தவர், “உங்க வெயிட்டுக்கு இது இழுக்காதுக்கா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அக்காவின் எடை 84 கிலோ. எடையைக் குறைக்க வாங்கிய கருவியே அவர் எடையைக் குறையாகச் சொல்ல, அக்கா கூனிக் குறுகிப்போனார். தவறு அவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் மின்கம்பி உள்ளே போகும் இடத்தைப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு தகடு. அதில் 230 வோல்ட், 1100 வாட் என்று அச்சடித்திருந்தது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 1100 வாட் மின்சாரம் எடுக்கும் மோட்டார், ஒன்றரை குதிரைத்திறனுக்கு மேல் தொடர்ந்து தரவே முடியாது. ஸ்டிக்கரில் இருந்த 4 என்பது ‘பீக்’, அதாவது ஒரு நொடி எட்டித் தொடும் உச்சம். அரைமணி நேரம் ஆளைச் சுமந்து ஓடுவதற்கு வேண்டியது தொடர் திறன். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “கன்டினியூவஸ் ஹெச்.பி. எவ்வளவு? எழுதிக் கொடுப்பீர்களா?” தாங்கும் எடை என்று போட்டிருப்பதற்கும் உங்கள் எடைக்கும் நடுவே இருபது கிலோவாவது இடைவெளி இருப்பது நல்லது. பெல்ட் நீளம் உங்கள் நடைக்குப் போதுமா என்று ஏறி நடந்து பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பெல்ட்டுக்கு அடியில் கையேட்டில் சொன்ன சிலிக்கோன் எண்ணெய்தான் விட வேண்டும். வீட்டில் கைக்குக் கிடைக்கும் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ கூடாது. பெல்ட் காய்ந்தால் உராய்வு கூடும், அந்தச் சுமை மோட்டார் தலையில் விழும்.

இன்னொரு ஏமாற்றம் திரையில் ஓடும் கலோரிக் கணக்கு. உங்கள் எடையைக் கேட்காத கருவி, நீங்கள் எரித்த கலோரியை எப்படிச் சொல்லும்? குத்துமதிப்புதான். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நடந்தால் அதிலும் குறையும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் அரைமணி நடந்தாலும், நடையால் மட்டும் ஒரு கிலோ குறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். நடந்து முடித்ததும் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போனால் அன்றைய கணக்கு நேராகிவிடும். நடையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் அதன் பலன் பெரிது. ஆனால் எடை குறைய, நடையோடு சாப்பாட்டுத் தட்டையும் கவனிக்க வேண்டும். ‘7 நாளில் 5 கிலோ’ விளம்பரங்களை இந்தக் கணக்கை வைத்தே எடைபோட்டுவிடலாம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் வியர்வை பெல்ட் இறக்குவது நீரை. தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இதற்கு டிரெட்மில் கட்டாயமில்லை. முழங்கால் வலி இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எக்சர்சைஸ் சைக்கிள் உகந்தது. எடை மிக அதிகமானவர்கள் ஸ்கிப்பிங்கில் தொடங்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் காசில்லாத தசைப் பயிற்சி. நெஞ்சு வலி, மயக்கம், இதய நோய் இருந்தவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், இனிப்பு ஏதாவது கையில் இருக்கட்டும். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு பெல்ட்டில் ஏறவே கூடாது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டிரெட்மில்லின் பின்முனையில் பெல்ட் உருளையைச் சுற்றி அடியில் நுழையும் இடத்தில் பிஞ்சு விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் ‘டிரெட் பிளஸ்’ கருவிகள் சுமார் 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது. அதற்குமுன் குழந்தைகள் அடியில் இழுக்கப்பட்ட சம்பவங்கள் பல நடந்து, ஒரு குழந்தை இறந்தும் போயிருந்தது. பாதுகாப்புச் சாவியோடு வரும் சிவப்புக் கயிற்றின் முனையை நடக்கும்போது சட்டையில் மாட்டுங்கள். நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

இனி பில். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற முத்திரையைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். தீர்ப்புக்கு நாளாகலாம், அதையும் மறைக்க விரும்பவில்லை.

இதற்கெல்லாம் உயிர்நாடி எழுத்துதான். அக்காவிடம் பில் இருந்தது, ஸ்டிக்கர் படம் இருந்தது, பெல்ட் நிற்கும் வீடியோவும் எடுத்தோம். முதலில் வந்தவர் வாயால் சொன்னதோடு போய்விட்டதால் அதை நிரூபிக்க வழியில்லை. 1915-இல் பதிவுசெய்த பிறகு இரண்டாவதாக ஒருவர் வந்தார். ஜாப் ஷீட்டில் ‘மோட்டார் லோடு தாங்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அக்கா அவரைக் கிளம்ப விடவில்லை. அந்த ஒற்றைத் தாளை அனுப்பியதும் நிறுவனத்தின் பேச்சு மாறியது. முழுப் பணமும் வர ஐந்து வாரம் ஆயிற்று.

கருவியை எடுத்துப்போக இரண்டு பையன்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அக்கா பேனாவை நீட்டினார். “தம்பி, வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்குங்க.”