நான்கு இடம் காலி

அகளியில் இருந்து மண்ணார்க்காடு இறங்குகிறோம். அங்கிருந்து பாலக்காடு பஸ்ஸில் போனால் பனயம்பாடம் வரும். 2024 டிசம்பர் 12 அன்று கரிம்பா பள்ளியில் பரீட்சை. எழுதி முடித்த எட்டாம் வகுப்பு மாணவிகள் சாலையோரமாக வீடு திரும்பினார்கள். சிமெண்டு லாரி ஒன்று அவர்கள் மேல் கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். நால்வரும் தோழிகள்.

பேப்பரில் செய்தி சில நாளில் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் நிற்காது. பெஞ்சில் இடம் காலியாக இருக்கும். டீச்சர் பெயர் கூப்பிடுவார். அந்தப் பெயர் வரும்போது அவர் என்ன செய்வார்? அவரும் அழுதவர்தானே!

இப்படி ஒரு சாவு நடந்தால் வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? "அதைப் பேசாதே, மறந்துவிடு" என்கிறோம். பாசத்தால்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளை மறக்காது. பேசாமல் மட்டும் இருக்கும்.

சின்னப் பிள்ளையிடம் "அவள் தூங்குகிறாள்" என்று சொல்லக் கூடாது. பிறகு அந்தப் பிள்ளை தூங்கவே பயப்படும். "அவள் இறந்துவிட்டாள். இனி வரமாட்டாள்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அதே கேள்வியைப் பத்து முறை கேட்கும். பத்து முறையும் பதில் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை அழும். இன்னொன்று அழுதுவிட்டு உடனே விளையாடப் போகும். அது கல்நெஞ்சு இல்லை. பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். சில பிள்ளைகள் வயிறு வலிக்கிறது என்பார்கள். படுக்கையில் மூத்திரம் போவார்கள். அடிக்காதீர்கள். "நான் சண்டை போட்டேன், அதனால்தான் செத்துப் போனாள்" என்றுகூட ஒரு பிள்ளை உள்ளுக்குள் நினைக்கும். "உன்னால் இல்லை" என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு வந்தது. வெள்ளார்மலைப் பள்ளி பல பிள்ளைகளை இழந்தது. செப்டம்பர் 2 அன்று மேப்பாடியில் வகுப்பு மறுபடி தொடங்கியது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் மாநிலக் கலைவிழா. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நிலச்சரிவையும், மீண்டு வந்ததையும் மேடையில் நடனமாக ஆடினார்கள். மறைத்து வைக்கவில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

டீச்சரை மறந்துவிடாதீர்கள். முதல் வாரமே "பாடம் நடக்கவில்லையே" என்று சண்டைக்குப் போக வேண்டாம். "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று கேளுங்கள்.

வாரக் கணக்காகப் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கும் போன் செய்யலாம். காசு இல்லை. இரவிலும் எடுப்பார்கள். "நானும் செத்துப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.