மோட்டார் கொட்டகைக்கு என்ன கதவு?

கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் சரவணம்பட்டி வந்ததும் கண்ணாடிக் கட்டடங்கள்தான் கண்ணில் படும். சாலையை விட்டு ஊருக்குள் நுழைந்தால், ஓட்டு வீடுகள் இன்னும் சில தலை காட்டும். அப்படி ஒரு வீடு உங்களுக்குப் பாட்டன் சொத்தாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு கொட்டகை. மாட்டு வண்டி நின்ற இடத்தில் இப்போது உங்கள் கார் நிற்கிறது. கதவோ உளுத்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

“இரும்பு ஷட்டர் போட்டால் போச்சு!” என்பீர்கள். பேஷாகப் போடலாம். மறுநாள் காலையில் யாராவது வந்து, “ஏனுங்க, கடை எப்பத் தொறப்பீங்க?” என்று கேட்டால் என்னைக் கோபிக்கக் கூடாது!

மேலே தூக்கித் திறக்கும் காரேஜ் கதவு அமெரிக்காவில் 1921-ல்தான் பிறந்தது. அதற்கு முன் அங்கேயும் குதிரை லாயத்து இரட்டைக் கதவுதான் காருக்கும். ஆகையால் பழைய வீட்டுக்குப் பொருத்தம், சாதாரணப் பலகையில் செய்த இரட்டைக் கதவே. காரைக்குடியில் சித்திர வேலைப்பாடுள்ள பழைய கதவுகள் விலைக்குக் கிடைக்கும். அவை செட்டிநாட்டு வாசலுக்கு அழகு. வண்டிக் கொட்டகைக்கு வேஷம். உங்கள் வீட்டுக் கதவுகளையே பார்த்து அதே மாதிரி செய்யச் சொல்லுங்கள். பழைய கீலையும் கொண்டியையும் எறிந்துவிடாதீர்கள்.

அடுத்தது அளவு. அம்பாஸிடரின் அகலம் சுமார் ஐந்தரை அடி. இன்றைய பெரிய கார்கள் கண்ணாடியைச் சேர்க்காமலே ஆறடி. வாசல் போதவில்லை என்றதும், “தூணை இடி” என்பார்கள். சம்மதிக்காதீர்கள்! உத்திரமும் ஓடும் அதன் தலையில்தான் நிற்கின்றன. கதவை வெளிப்புறம் திறக்கும்படி மாட்டினால் வாசல் முழுவதும் கிடைக்கும். வெளியே இடமில்லையா? நான்கு மடிப்பாகச் செய்யுங்கள். அல்லது சுவரோரமாகத் தள்ளும் கதவாக்குங்கள். எதுவும் சரிப்படாவிட்டால் கார் முற்றத்தில் நிற்கட்டும். காரைப் பத்து வருஷத்தில் மாற்றுவீர்கள். தூண் போனால் வராது.

கதவின் மேற்பாகத்தில் காற்றுக்குக் கம்பியோ சட்டமோ வைக்கத் தவறாதீர்கள். அதற்காக, கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடலாம் என்று நினைக்க வேண்டாம். கார் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். கதவின் அடியில் விரற்கடை இடைவெளி இருந்தால் மழைத் தண்ணீரில் மரம் ஊறாது.

பழைய கார்களுக்கு 2015-லேயே கோயமுத்தூரில் மியூசியம் திறந்துவிட்டார்கள். உங்கள் பாட்டன் வீட்டைக் காப்பாற்ற நீங்கள்தான் இருக்கிறீர்கள்!