கனமான படகை இழுக்க எந்த டிரக், எந்தக் கொக்கி?

அமெரிக்காவில் மீன்பிடிக்கவும் பொழுதுபோக்கவும் வைத்திருக்கும் படகுகளில் பல, படகுத்துறையில் கட்டிக் கிடப்பதில்லை. டிரெய்லரில் ஏறி வீட்டு வாசலில் நிற்கின்றன. விடுமுறை நாளில் பிக்கப் டிரக்கின் பின்னால் ஏரிக்கோ கடற்கரைக்கோ போகின்றன. சின்ன அலுமினியப் படகைக் காரே இழுத்துவிடும். 26 அடி நீளத்தில் இரண்டு எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு என்றால் கணக்கு மாறிவிடும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவைத் திறனை மட்டும் நம்பி அதற்கு வண்டி வாங்க முடியாது. கதவோரத்திலும் பம்பருக்கு அடியிலும் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர்களையும் படிக்க வேண்டும்.

முதலில் எடை

படகின் விவரச் சீட்டில் இருப்பது பெரும்பாலும் வெறும் படகின் எடைதான். எஞ்சினும் பெட்ரோலும் டிரெய்லரும் அதில் சேராமல் இருக்கலாம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: படகு 2,500 கிலோ, தலா 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு அவுட்போர்டு எஞ்சின்கள் 450 கிலோ, டேங்க் நிறைய 680 லிட்டர் பெட்ரோல் சுமார் 500 கிலோ, இரட்டை அச்சு டிரெய்லர் 750 கிலோ, நங்கூரம், பேட்டரி, ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான்கள் 250 கிலோ. மொத்தம் 4,450 கிலோ, அதாவது ஏறக்குறைய 9,800 பவுண்ட். வண்டி வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்த மொத்தத்தைத்தான்.

இந்த எடையில் ஒரு பங்கு டிரெய்லரின் முனை வழியாக டிரக்கின் கொக்கிமேல் இறங்குகிறது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுபவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பது போலத்தான் இதுவும். முன்பாரம் குறைந்தால் வேகம் பிடித்ததும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். கூடினால் டிரக்கின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. பொதுவான டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். எஞ்சினின் கனம் பின்னால் இருக்கும் படகு டிரெய்லர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் என்பது வழக்கம். மேலே சொன்ன படகுக்கு 8 சதவீதம் என்று வைத்தால் சுமார் 355 கிலோ. படகின் மூக்கைத் தாங்கும் வின்ச் தூணை முன்பின் நகர்த்தி இதைச் சரிசெய்யலாம்.

டிரக்கின் வகை

அமெரிக்க பிக்கப்களை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிரிப்பது பழைய வழக்கம். இன்று இவை உண்மையான சுமைத் திறனைக் குறிப்பதில்லை. வகைப் பெயர்களாக மட்டுமே நிற்கின்றன. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவர்லே சில்வராடோ 1500 ஆகியவை அரை டன். எஃப்-250, ராம் 2500 முக்கால் டன். எஃப்-350, ராம் 3500 ஒரு டன்.

இழுவைத் திறனை ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து சொன்னது. அதை ஒழுங்குபடுத்த வந்ததுதான் எஸ்ஏஇ அமைப்பின் ஜே2807 தரவிதி. அரிசோனாவில் கொலராடோ ஆற்றையொட்டிய புல்ஹெட் சிட்டி அருகே தொடங்கும் டேவிஸ் டேம் ஏற்றம் இதன் அளவுகோல். சுமார் 18 கிலோமீட்டரில் சாலை ஏறத்தாழ 900 மீட்டர் உயர்கிறது. 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, முழுச் சுமையோடு ஏறும் பிக்கப்பின் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. பின்னச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

ஆனால் இந்தக் கணக்கு, வண்டிக்குள் தலா 68 கிலோ எடையுள்ள இரண்டு பேர் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. குடும்பத்தோடு கிளம்புபவர்கள் இடறும் இடம் இதுதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை ஏறலாம் என்று எழுதியிருக்கும். ஓர் அரை டன் வண்டியில் அது 725 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நாலு பெரியவர்கள் 320 கிலோ, கருவிகளும் சாப்பாட்டுப் பெட்டியும் 60 கிலோ, படகின் முன்பாரம் 355 கிலோ. கூட்டினால் 735. அந்த வண்டியின் இழுவைத் திறன் 5,000 கிலோ என்று விளம்பரம் சொன்னாலும், 4,450 கிலோ படகை மாட்டியதுமே சுமை வரம்பு தாண்டிவிடுகிறது. இந்த அளவுப் படகுக்கு முக்கால் டன் வண்டியே நிம்மதி.

மலைப்பாதையில் அடிக்கடி இழுப்பவர்கள் டீசலை விரும்புகிறார்கள். குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை கிடைக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இறக்கத்தில் சக்கர பிரேக் சூடேறாது. ஆனால் டீசல் எஞ்சினே கனமானது. அதே மாடல் பெட்ரோல் வண்டியைவிட ஏற்றக்கூடிய சுமை அந்த அளவுக்குக் குறையும் என்பதால் கதவு ஸ்டிக்கரை இங்கேயும் பார்க்க வேண்டும்.

கொக்கியும் பந்தும்

டிரக்கின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிய சதுரக் குழாய்க்கு ரிசீவர் என்று பெயர். அதில் செருகும் தண்டில் இரும்புப் பந்து நிற்கும். டிரெய்லரின் கப்ளர் அந்தப் பந்தைக் கவ்விக்கொள்ளும். ரிசீவர்களில் மூன்றாம் வகுப்பு பொதுவாக 8,000 பவுண்ட் வரையும், நான்காம் வகுப்பு 10,000 பவுண்ட் வரையும் தாங்கும். ஐந்தாம் வகுப்பு அதற்கும் மேலே. உதாரணப் படகுக்கு நான்காம் வகுப்பு மயிரிழையில்தான் போதும். ஐந்தாம் வகுப்பு போட்டால் கையிருப்பு இருக்கும். ரிசீவர், தண்டு, பந்து, கப்ளர் என நான்கிலும் தனித்தனி எடை வரம்பு பொறித்திருக்கும். நான்கில் எது குறைவோ அதுதான் மொத்த இணைப்பின் வரம்பு.

பல அரை டன் வண்டிகளின் ரிசீவர் ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, சுமையை நேரடியாகத் தாங்கும்போது. மற்றது, முன்பாரத்தின் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் டிரெய்லருக்கும் பகிர்ந்துவிடும் வில் தண்டுகள் கொண்ட கொக்கியைப் பூட்டும்போது. விளம்பரத்தில் வரும் பெரிய எண் பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்தத் தண்டுகள் எல்லாப் படகு டிரெய்லர்களுக்கும் பொருந்துவதில்லை. டிரெய்லர் தயாரித்தவர் அனுமதிக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கனமான படகு டிரெய்லர்களுக்கு 2-5/16 அங்குலப் பந்து வழக்கம். அதற்கான கப்ளரில் 2 அங்குலப் பந்தை வைத்தாலும் பொருந்தியது போலவே தோன்றும். ஒரு மேடுபள்ளத்தில் கழன்றுவிடும். பூட்டியபின் டிரெய்லர் முனையிலுள்ள ஜாக்கியைச் சில சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். டிரக்கின் பின்புறமும் கூடவே எழுந்தால் பூட்டு சரி; கப்ளர் மட்டும் தனியே எழுந்தால் பூட்டவில்லை. பாதுகாப்புச் சங்கிலிகளை முனைக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றாலும் முனை தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும். இரட்டை அச்சு டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் ஓர் அச்சின் டயர்கள் மட்டும் அதிகம் சுமக்கும்.

பிரேக்கும் சறுக்குத்தளமும்

3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பது பல மாநிலங்களின் விதி. படகு டிரெய்லர்களில் சர்ஜ் பிரேக் அதிகம். டிரக் பிரேக் போட்டதும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே முனையிலுள்ள பிஸ்டனை அழுத்தி ஹைட்ராலிக் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். பின்னோக்கி மேடேறும்போதும் அதே அழுத்தம் வரும் என்பதால், ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தால் பிரேக்கை விடுவிக்கும் வால்வு தேவை. இன்னும் கனமான படகுகளுக்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கட்டுப்படுத்தும் மின்சார ஹைட்ராலிக் பிரேக் நல்லது. வெறும் மின்சார டிரம் பிரேக் உப்புநீரில் முங்கி முங்கித் துருப்பிடித்துவிடும்.

படகை இறக்கும் சறுக்குத்தளம் செங்குத்தாகவும் பாசி படிந்தும் இருக்கும். படகு மிதக்கத் தொடங்கியதும் கொக்கிமேல் இருந்த முன்பாரம் குறைந்து, டிரக்கின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். நான்கு சக்கர இயக்கமும் தாழ்ந்த கியரும் பெரிதாக உதவுவது இங்கேதான்.

கிளம்புவதற்கு முன் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்திலுள்ள எடை மேடையில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். டிரக்கைத் தனியாகவும் படகோடும் நிறுத்தினால், அதன் இரண்டு அச்சுகளிலும் சேர்ந்து கூடிய எடைதான் முன்பாரம். பின்னச்சின் எடையைக் கதவு ஸ்டிக்கரோடும், டிரெய்லரின் எடையை அதன் தகட்டோடும், மொத்தத்தை டிரக்கின் கையேட்டோடும் ஒப்பிட வேண்டும். ஏதாவது ஒன்று கொஞ்சம் மீறினால், டேங்கைக் காலியாக வைத்துப் போய்ச் சேரும் ஊரில் பெட்ரோல் நிரப்பலாம். அதுவே 500 கிலோ. பெட்ரோல் குறைந்ததால் முன்பாரம் மாறியிருக்கும் என்பதால் மறுபடி எடை பார்க்க வேண்டும். அப்போதும் மீறினால் பெரிய டிரக்தான் வழி.